பன்னிரண்டோடு நிறுத்தியது சரியா? கொக்குவில் வீட்டில் நடந்த ஓர் ஆட்டத்தின் நிகழ்வு ஆய்வு

2023 ஓகஸ்ட் 3ஆம் திகதி கணினிக்கு வெளிவந்த பால்டர்ஸ் கேட் 3 என்ற மாயாஜாலக் கதை ஆட்டத்தில் ஒரு பாத்திரம் 12ஆம் லெவலுக்கு, அதாவது புள்ளி சேர்த்து ஏறும் பன்னிரண்டாம் வளர்ச்சி நிலைக்கு, மேல் ஏற முடியாது. அந்த ஆட்டத்துக்கு அடிப்படையான, மேசையைச் சுற்றி இருந்து பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் விதிகளோ 20 வரை போகின்றன. மிச்ச எட்டு லெவலும் எங்கே என்று கேட்காமல் அந்த ஆட்டத்தை முடித்தவர்கள் குறைவு. எங்கள் வீட்டிலும் அதே கேள்வி எழுந்தது. கேள்வி நியாயமானது, பதிலைத் தேடினால், மாயாஜால ஆட்டங்களில் லெவல் எவ்வளவு உயரம் போகலாம் என்ற பெரிய விடயமே கையில் அகப்படும். அதனால் இந்த ஓர் ஆட்டத்தை மட்டும் எடுத்து, தொடக்கம் முதல் முடிவு வரை கவனித்து எழுதுகிறேன்.

ஆடியவர்கள்

ஆட்டம் நடந்தது யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், என் அண்ணையின் வீட்டில். ஆடியவர்கள் அவருடைய மகன், அதாவது என் பெறாமகன், அவனோடு உயர்தரம் படித்த பக்கத்துத் திருநெல்வேலிப் பொடியன் ஒருவன். சோதனை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலம். ஆட்டம் கணினியில் 150 ஜிபி இடம் கேட்கும். இரவு டேட்டாவில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். வீட்டில் ஒரே கணினி. ஆனால் திரையை இரண்டாகப் பிரித்து இருவர் ஆடலாம் என்பதால், ஆளுக்கொரு கொன்ட்ரோலரோடு ஒன்றாக இருந்து ஆட முடிந்தது. அணியில் நால்வர், ஆளுக்கு இரண்டு பாத்திரம். பெறாமகனிடம் ஃபைட்டரும் (போர்வீரன்) கிளெரிக்கும் (பூசகர்), நண்பனிடம் ரோகும் (கள்வன்) விசார்டும் (மந்திரவாதி). இப்படியான தொழில்களைத்தான் ஆட்டத்தில் வகுப்பு என்பார்கள்.

நான் பக்கத்தில் இருந்து எழுதினேன். ஒவ்வொரு லெவலிலும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் என்ன கிடைத்தது, கிடைத்த பிறகு அவர்கள் ஆடும் விதம் மாறியதா என்ற இரண்டையும் ஒரு சீஆர் கொப்பியில் குறித்துவந்தேன். இரண்டாவது கேள்விதான் முக்கியம். எண் ஏறுவதைத் திரையே காட்டும்; ஆட்டம் மாறியதா என்பதை ஆடுபவனைப் பார்த்தால்தான் தெரியும்.

இதில் இன்னொருவரும் உண்டு, கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் என் மச்சான். இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும், முடிவில்லாத வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்டைத் தொடக்க காலத்திலிருந்தே ஆடிவருபவர். லெவல் கூடக் கூட நல்லது என்பது அவருடைய கட்சி. அவருக்குப் பிறகு வருகிறேன்.

பழைய இரண்டு ஆட்டங்கள்

இந்தத் தொடருக்கு உச்சவரம்பு புதிதல்ல. 1998 இல் வந்த முதல் பால்டர்ஸ் கேட்டில் வரம்பை லெவலில் வைக்கவில்லை, அனுபவப் புள்ளியில் வைத்தார்கள்: 89,000. அந்தக் காலத்து விதிகளில் ஒவ்வொரு வகுப்புக்கும் தனி அட்டவணை. ஃபைட்டர் 64,000 புள்ளியில் 7ஆம் லெவலை அடைவான். எட்டுக்கு 125,000 வேண்டும். மந்திரவாதி 60,000 இல் 7ஆம் லெவல், எட்டுக்கு 90,000. அதாவது மந்திரவாதியின் அடுத்த லெவலுக்குச் சரியாக 1,000 புள்ளி இருக்கும்போது கதவைச் சாத்திவிட்டார்கள். எரிச்சலூட்டும் இடம்தான். ஆனாலும் அந்த ஆட்டத்தை நினைக்கும் எவருக்கும் முதலில் நினைவு வருவது முதலாம் லெவலில் ஒரு தனி ஓநாயிடம் செத்துப்போனது. பிறகு, கடைசி அத்தியாயத்தில் அதே காட்டுவழியில் பயமில்லாமல் நடந்தது. அந்த வித்தியாசத்தை உண்டாக்க ஏழு லெவல் போதுமாக இருந்தது. 1999 இல் வந்த விரிவாக்கம் வரம்பை 161,000 ஆக்கியது. மந்திரங்களுக்கும் பலத்தைப் பொறுத்து ஒன்று முதல் ஒன்பது வரை படி உண்டு; மந்திரவாதி 9ஆம் லெவலுக்குப் போய் ஐந்தாம் படி மந்திரங்களைத் தொட்டான்.

2000 இல் வந்த இரண்டாம் பாகம் 2,950,000 வரை விட்டது. ஃபைட்டருக்கு அது 19ஆம் லெவல், மந்திரவாதிக்கு 17. அடுத்த ஆண்டு வந்த துரோன் ஒஃப் பால் என்ற விரிவாக்கத்தில் வரம்பு 8,000,000. ஃபைட்டர் 40 வரை, மந்திரவாதி 31 வரை போகலாம். இங்கே ஒரு சிக்கல் முளைத்தது. நாற்பதாம் லெவல் வீரனை எதிர்த்து நிற்கக்கூடியவர்கள் உலகில் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆட்டம் நடக்க எதிரிகள் வேண்டுமே. ஆகவே கூலிக்குச் சண்டை பிடிக்கும் சாதாரண ஆட்களும் அசாத்திய பலத்தோடும் மந்திர ஆயுதத்தோடும் வந்து நின்றார்கள். முதல் பாகத்தில் ஒரு மந்திர வாள் கிடைத்தால் கொண்டாட்டம். இங்கே அதைக் குப்பைபோல விற்றோம்.

இருந்தும் அந்த 40ஐ நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் கதையின் நாயகன் செத்துப்போன ஒரு கடவுளின் பிள்ளை; தானே கடவுளாவதா, மனிதனாக இருப்பதா என்ற தெரிவோடு கதை முடிகிறது. அங்கே போய்ச் சேரவேண்டியவனை 12 இல் நிறுத்தியிருந்தால் கதையே பொய்யாகியிருக்கும். உயரம் கதைக்குத் தேவைப்பட்டது. விலையையும் கொடுத்தார்கள்.

ஐந்து, பதினொன்று

கொப்பிக்கு வருகிறேன். முதல் நான்கு லெவலும் விரைவாக ஓடின. ஐந்தாம் லெவல் வந்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஃபைட்டருக்கு ஒரு தடவையில் இரண்டு வெட்டு. விசார்டுக்கு மூன்றாம் படி மந்திரங்கள், அவற்றோடு நெருப்புக்கோளம். அதுவரை ஒளிந்து ஒளிந்து, கதவிடுக்கில் நின்று சண்டை பிடித்த இருவரும் அன்றிலிருந்து நேராக உள்ளே போனார்கள். எதிரிகள் எங்கே கூட்டமாக நிற்கிறார்கள் என்று தேடத் தொடங்கினார்கள், நெருப்பை நடுவில் போட. ஆடும் விதமே மாறியது.

ஆறிலிருந்து பத்து வரை கலவையாக இருந்தது. விசார்டுக்கு ஏழிலும் ஒன்பதிலும் புதிய படி திறந்தது. அந்த லெவல்களில் நண்பன் நெடுநேரம் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஃபைட்டருக்கு ஒன்பதில் வந்தது, தோற்ற ஒரு தற்காப்புப் பகடை உருட்டலை மறுபடி உருட்டும் வாய்ப்பு. பெறாமகன் அதை வாசித்துவிட்டு, "சரி, வந்தது வரட்டும்" என்று பொத்தானை அழுத்திப் போய்விட்டான். கொப்பியில் அந்த இடத்துக்கு எதிரே "மாற்றம் இல்லை" என்றுதான் எழுதியிருக்கிறேன். பத்தில் கிளெரிக்குக் கிடைத்த தெய்வ உதவியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். முழு ஆட்டத்திலும் ஒரேயொரு தடவைதான் அதைப் பயன்படுத்தலாம். எந்தச் சண்டைக்கு என்று இருவரும் பல இரவு வாதாடினார்கள். ஒரு லெவல் தரக்கூடிய மிக நல்ல விடயம் இப்படியான வாதம்தான்.

பதினொன்று மறுபடியும் பெரிய இடம். ஃபைட்டருக்கு மூன்றாவது வெட்டு. விசார்டுக்கு ஆறாம் படி. ரோகின் தேர்ந்த திறமைகளில் உருட்டல் 10க்குக் கீழே வந்தாலும் 10 ஆகவே கொள்ளப்படும். பூட்டும் பொறியும் அவனுக்கு இனிப் பயமில்லை. பன்னிரண்டில் எல்லா வகுப்புக்கும் ஒரு ஃபீட், அதாவது ஒரு தனித்திறன், கிடைக்கிறது. ஆகவே நிறுத்துவதற்கு அது சுத்தமான இடம். ஒருவரும் வெறுங்கையோடு நிற்கவில்லை, 1998 இல் மந்திரவாதி நின்றதுபோல.

சரி, பதின்மூன்றில் என்ன இருக்கிறது? ஏழாம் படி மந்திரங்கள். நினைத்த ஊருக்கு ஒரு நொடியில் போகும் டெலிபோர்ட், வேறு உலகத்துக்கே தாவும் பிளேன் ஷிஃப்ட், தன்னைப்போல் இன்னோர் ஆளைச் செய்யும் சிமுலாக்ரம். பதினேழில் ஒன்பதாம் படி, அதில் கேட்டதைத் தரும் விஷ். மேசையைச் சுற்றி இருந்து ஆடும்போது இவற்றைச் சமாளிக்கலாம். கதை நடத்துபவர் அந்த இடத்திலேயே யோசித்து ஒரு பதில் சொல்வார். கணினியில் அந்தப் பதிலை யாரோ முன்கூட்டியே எழுதி, நடித்து, படமாக்கி வைத்திருக்கவேண்டும். பூட்டிய கோட்டைக்குள் எப்படி நுழைவது என்பதே ஓர் அத்தியாயமாக இருக்கும் கதையில், டெலிபோர்ட் தெரிந்தவனுக்கு அந்த அத்தியாயம் இல்லை. ஆட்டத்தைச் செய்த லாரியன் நிறுவனம் 12க்குச் சொன்ன காரணமும் ஏறத்தாழ இதுதான். பழைய துரோன் ஒஃப் பாலில் விஷ் இருந்தது உண்மை. ஆனால் அது சில தெரிவுகள் கொண்ட ஒரு பட்டியலாகத்தான் வந்தது. எதையும் கேட்கலாம் என்ற மந்திரம் பட்டியலானால் அதன் உயிர் போய்விடுகிறது. இல்லாமலே விடுவது மேல்.

வரம்பைத் தொட்ட பிறகு

இந்த நிகழ்வில் நான் அதிகம் கற்றது இந்தப் பகுதியில்தான்.

மூன்றாம் அத்தியாயத்தில், நகருக்குள் வந்து சில நாட்களிலேயே இருவரும் 12ஐத் தொட்டுவிட்டார்கள். பக்கக்கதை ஒன்றையும் விடாமல் செய்தவர்கள் என்பதால் அப்படி. இன்னும் நிறையக் கதை மிச்சம். பெறாமகனின் முதல் பேச்சு கோபமாக வந்தது: "சித்தப்பா, இனி என்னத்துக்குச் சண்டை பிடிக்கிறது? ஒண்டும் ஏறாதே."

அந்தக் கோபம் இரண்டு மூன்று இரவு நீடித்தது. பிறகு அவன் ஆட்டம் மாறியது. முதல் அத்தியாயத்தில் அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதிரியோடு பேசிச் சமாதானமாக்கிப் புள்ளி எடுப்பான். வேலை முடிந்ததும் திரும்பிவந்து அதே ஆளை வெட்டி இன்னும் கொஞ்சம் புள்ளி எடுப்பான். அவனுடைய பாத்திரம் கதைப்படி நல்ல மனிதன். ஆனால் புள்ளிக்கணக்கு அவனைத் துரோகியாக்கிக்கொண்டிருந்தது. 12க்குப் பிறகு அந்தப் பழக்கம் நின்றது. பேசித் தீர்ந்த சண்டை தீர்ந்ததுதான். ஒரு தெருவில் கொல்லாமல் விட்ட ஒருவனை வேறோர் இடத்தில் மறுபடி கண்டபோது, "நல்லகாலம், உவனை விட்டிட்டம்" என்று நண்பனிடம் சொன்னான். புள்ளி ஏறாத ஆட்டத்தில்தான் அவன் தன் பாத்திரமாகவே நடந்துகொண்டான்.

நண்பன் இன்னொரு பக்கம் போனான். முகாமில் விதர்ஸ் என்ற பாத்திரத்திடம் 100 தங்கக்காசு கொடுத்தால் வகுப்பை மாற்றி முதலிலிருந்து கட்டலாம். மொத்தம் 12 லெவல். அதை வகுப்புகளுக்கிடையே எப்படிப் பங்கிடுவது என்பது அவனுக்குத் தனி ஆட்டமாகிவிட்டது. ஃபைட்டரின் மூன்றாவது வெட்டு வேண்டுமென்றால் 11ஐ அங்கேயே செலவழிக்கவேண்டும், மிச்சம் ஒன்றுதான். இரண்டு லெவல் பலடினுக்கு, அதாவது புனிதப் போர்வீரன் வகுப்புக்கு, கொடுத்தால் அடியோடு ஒளியும் சேர்ந்து விழும், ஆனால் மூன்றாவது வெட்டு போய்விடும். எதை எடுத்தாலும் ஒன்றை இழக்கவேண்டும். 20 இருந்தால் இந்த இழப்பு இல்லை. எனவே தெரிவும் இல்லை. வரம்பு தாழ்வாக இருப்பதால்தான் ஒருவனுடைய விசார்ட் இன்னொருவனுடைய விசார்டாக இல்லை.

மொட் போட்டுப் பார்த்தது

ரசிகர்கள் செய்த மொட்கள், அதாவது ஆட்டத்தை மாற்றும் சேர்க்கைகள், வரம்பை 20 வரை தூக்கிவிடும். இருவரும் புதிதாக ஓர் ஆட்டம் தொடங்கி அதையும் பார்த்தார்கள். இந்த ஆட்டத்தில் எதிரிகள் மறுபடி முளைப்பதில்லை என்பதால் மொத்தப் புள்ளிக்கு ஓர் எல்லை உண்டு. புள்ளி அட்டவணையையும் தளர்த்தினால்தான் மேலே போகலாம். மேலே போனதும் உயிர்ப்புள்ளி கூடியது. ஆனால் மூல ஆட்டத்தில் ஏழாம் படி மந்திரமே இல்லையே. அதற்கு இன்னொரு மொட், அதோடு ஒத்துப்போக மற்றொன்று. எல்லாம் பொருந்திய பிறகு பெரிய பொஸ்களோடு, அதாவது தலைமை எதிரிகளோடு, நடந்த சண்டைகள் எதிரியின் முறை வருவதற்கு முன்பே முடிந்தன. முதல் தடவை அதே சண்டைகளுக்கு அவர்கள் ஒரு மாலை முழுக்கத் திட்டம் போட்டிருந்தார்கள். பெறாமகன் இரண்டாம் ஆட்டத்தைக் கடைசிவரை கொண்டுபோகவில்லை. நண்பன் முடித்தான், ஆனால் முடித்ததைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. முதல் தடவையோ தெய்வ உதவியை எங்கே பயன்படுத்தினோம் என்று வாரக்கணக்கில் சொல்லித் திரிந்தவன் அவன்.

மச்சானின் வழக்கு

"நீங்கள் சொல்லுறது முடிவுள்ள கதைக்குச் சரி. நான் இருபது வருசமா ஒரே ஆளை வைச்சு விளையாடுறன். அவன் வளரத்தானே வேணும்?" என்றார் மச்சான். வலுவான கேள்வி, தட்டிக்கழிக்கக்கூடாது.

வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் 2004 இல் 60 இல் தொடங்கியது. 2007 இல் 70, 2008 இல் 80, 2010 இல் 85, 2012 இல் 90, 2014 இல் 100, 2016 இல் 110, 2018 இல் 120. ஒவ்வொரு விரிவாக்கமும் ஏறுவதற்கு ஒரு காரணம் தந்தது. பழைய நண்பர்கள் திரும்பி வந்தார்கள். மச்சானுக்கு அது ஊர்த் திருவிழாபோல. ஆனால் பக்கத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்க்கவேண்டும். 2012க்குப் பிறகு, பெரும்பாலும் 15 லெவலுக்கு ஒரு தடவைதான் புதிய திறமைத் தெரிவு வந்தது. 110 இலிருந்து 120 வரை ஏறிய பத்து லெவலில் புதிய திறமையே இல்லை. எண் மட்டும் ஏறியது. புதிதாக வருபவனுக்கு நண்பர்களோடு சேர 120 லெவல் தூரம். 2020 இல் அந்த நிறுவனமே 120ஐ 50 ஆகச் சுருக்கி, புதிய வரம்பை மறுபடி 60 ஆக்கியது. பதினாறு ஆண்டுக்குப் பிறகு தொடங்கிய எண்ணுக்கே திரும்பினார்கள். டியாப்லோ 4 உம் 2023 இல் 100 என்று தொடங்கி 2024 இல் 60க்கு இறங்கியது.

எதிர்ப்பக்கத்தில் கில்ட் வோர்ஸ் என்ற இன்னோர் இணைய ஆட்டம் இருக்கிறது. 2005 இல் 20 என்று வைத்தார்கள். அடுத்தடுத்து வந்த எந்தப் பாகத்திலும் அதை உயர்த்தவில்லை. இருபதைத் தொட்டவன் மேலே ஏறவில்லை, புதிய திறமைகளைத் தேடிப் பக்கவாட்டில் பரந்தான். 2012 இல் வந்த இரண்டாம் கில்ட் வோர்ஸ் 80 என்று வைத்து, விரிவாக்கத்துக்கு மேல் விரிவாக்கம் வந்தும் அங்கேயே நிற்கிறது. பத்து ஆண்டுக்கு முன் விட்டுப்போனவன் இன்று திரும்பினாலும் அவன் லெவல் செல்லும். மச்சானின் ஆள் வளரத்தான் வேண்டும். அதற்கு எண் வளரவேண்டியதில்லை என்பதே என் பதில். அவர் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. புதிய எண்ணைக் காணும் அந்த முதல் வாரத்தின் சந்தோசத்தை வேறெதுவும் தராது என்கிறார். அதை நான் மறுக்கவும் இல்லை.

எவ்வளவு உயரம்

முடிவுள்ள கதை ஆட்டத்துக்கு 12 முதல் 20 வரை போதும் என்பது இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்த முடிவு. அதைத் தாண்டுவதற்குக் கதையே கேட்கவேண்டும், துரோன் ஒஃப் பால் கேட்டதுபோல. எந்த எண்ணை வைத்தாலும், கதை முடிவதற்கு முன்பே, ஆட்டத்தின் ஐந்தில் ஒரு பங்காவது மிச்சம் இருக்கும்போது அது வந்துவிடவேண்டும். உச்சத்தைக் கடைசிச் சண்டையில் மட்டும் தொடவைக்கும் ஆட்டம், பெறாமகன் கண்ட அந்த விடுதலையை ஒருவனுக்கும் தராது. பால்டர்ஸ் கேட் 3 இதைக் கொஞ்சம் முந்திக்கொண்டது என்று வேண்டுமானால் சொல்வேன். மூன்றாம் அத்தியாயத்தின் நடுவில் வந்திருந்தால் இன்னும் பொருத்தம்.

சுற்றித் திரியும் திறந்த உலகங்களின் கணக்கு வேறு. ஸ்கைரிம் என்ற ஆட்டத்தில் 18 திறமைகளையும் நூறாக்கினால் 81ஆம் லெவல். 2013 இல் வந்த திருத்தம் திறமையைக் கீழே இறக்கி மறுபடி ஏற்ற விட்டதால் வரம்பே இல்லாமல் போனது. அடிப்படை ஆட்டத்தின் 251 பெர்க்கையும் (லெவலுக்கு ஒன்றாக எடுக்கும் தனிச்சிறப்பு) எடுக்க 252ஆம் லெவல் வேண்டும். அப்படி எடுத்தவன் வில்லாளி, கள்வன், மந்திரவாதி, கொல்லன் எல்லாமாக இருக்கிறான். அவனை இன்னொருவனிடமிருந்து பிரித்தறிய எதுவும் இல்லை. அதே தொடரின் முந்திய பாகமான ஒப்லிவியனில் எதிரியையும் கூடவே ஏற்றிப் பார்த்தார்கள். வழிப்பறிக் கொள்ளைக்காரன் கண்ணாடிக் கவசம் போட்டு நின்று சில்லறை கேட்டான். உலகமும் உங்களோடு சேர்ந்து ஏறினால் நீங்கள் ஏறவே இல்லை.

எல்டன் ரிங் என்ற ஆட்டத்தின் உச்ச லெவலான 713 பற்றிப் பலர் கேட்பார்கள். அது வடிவமைத்த எண் அல்ல, கூட்டிக் கழித்து வருவது: எட்டுப் பண்பு, ஒவ்வொன்றும் 99 வரை. பத்துப் பத்தாகத் தொடங்கும் ரெட்ச் என்ற பாத்திரத்துக்கு 712 தடவை ஏற்ற இடமுண்டு, அவ்வளவுதான். பண்புகள் ஓர் அளவைத் தாண்டியதும் பலன் மெலிந்துவிடும். ஒருவரோடொருவர் மோதும் ஆட்டக்காரர்கள் 125 அல்லது 150 இல் நிற்போம் என்று தாங்களாகவே பேசிவைத்திருக்கிறார்கள். ஆட்டம் வைக்காத வரம்பை ஆடுபவர்கள் வைத்துக்கொண்டார்கள், ஏனென்றால் வரம்பில்லாமல் ஒருவனை ஒருவன் அளக்க முடியாது.

கொக்குவிலில் மொட்களை எல்லாம் கழற்றியாகிவிட்டது. இப்போது ஒரேயொரு சேமிப்போடு ஆடும் ஹொனர் மோட். அணி முழுக்கச் செத்தால் அந்த ஹொனர் ஆட்டம் முடிந்தது. பதினொன்று வரை ஃபைட்டரா, இரண்டை பலடினுக்குக் கொடுப்பதா என்று இருவரும் இன்னும் முடிவுக்கு வரவில்லை. நண்பன் பலடின் பக்கம். நான் மூன்றாவது வெட்டின் பக்கம்.